அடுத்த சாக்கெட் வரட்டும்

தப்பா நினைக்காதீங்க தம்பி. மதுரையில பஸ் ஏறுனதுல இருந்து உங்க மடியில இருக்கிற அட்டைப்பெட்டியையே பாத்துக்கிட்டு வர்றேன். மதர்போர்டுதானே? மேல இருக்கிற சின்னப் பெட்டி பிராசசர். கொஞ்சம் திருப்புங்க, ஓரத்துல பொடி எழுத்துல ஒரு நம்பர் போட்டிருப்பான். ஆங். நினைச்சேன். பில் போட்டாச்சா? போட்டாச்சு. சரி, விடுங்க. ஒண்ணும் இல்ல.

ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டு சும்மா உக்கார எனக்கு வராது. சொல்லிடறேன். நீங்க இன்னும் ஒரு எட்டு மாசம் பொறுத்திருக்கலாம்.

சிரிக்கிறீங்க. எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க. நீங்க சிவகாசியா? இல்ல, சாத்தூரா? அப்போ விருதுநகர்ல இறங்கி மாறணுமே... ஓ, சிவகாசியில சித்தி வீட்டுக்குப் போயிட்டுப் போறீங்களா. நல்லது. அப்போ என் பேரைச் சித்தப்பாகிட்ட சொல்லிப் பாருங்க. தனுஷ்கோடின்னு. காலண்டர் பிரஸ்ல சிஸ்டம் இன்சார்ஜ். இருபத்தாறு வருஷ சர்வீஸ், பதினேழு கம்ப்யூட்டர் என் கையில. எங்க ஊர்ல எவன் வீட்ல கம்ப்யூட்டர் வாங்கறதா இருந்தாலும், "தனுஷ்கோடியைக் கேட்டியா"ன்னுதான் முதல்ல கேப்பாங்க. கேக்காம வாங்க மாட்டாங்க. மதுரையில நீங்க வாங்கிட்டு வந்தீங்களே, அந்த வரிசையில இருக்கிற கடைக்காரங்களே எனக்குப் போன் போடுவாங்க. "அண்ணே, அடுத்து என்ன வருது, இருக்கிற ஸ்டாக்கை எப்போ தள்ளிவிடலாம்"னு. இதுக்காக நான் யார்கிட்டயும் ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல.

அப்படி என்ன எனக்குத் தெரியும்னு நீங்க கேக்கலாம். எழுத்து தெரியும். இந்தத் தொழில்ல எல்லாமே எழுத்துதான் தம்பி. முழுப் பேரை எவனும் சொல்ல மாட்டான். மூணு எழுத்து, நாலு எழுத்துன்னு சுருக்கிப் போட்டு ஒரு அட்டவணை விடுவான். அதுவும் இப்போ கடையில இருக்கிற சாமானுக்கு இல்ல, அடுத்த வருஷம் வரப்போற சாமானுக்கு. ஏதோ ஒரு ஏரி பேரை, மலை பேரை வச்சு, சாக்கெட் இன்னது, டி.டி.ஆர் இத்தனை, டி.டி.பி இத்தனை, என்.பி.யு உண்டுன்னு கசியவிடுவான். மத்தவன் பாத்தா ரேஷன் கார்டு நம்பர் மாதிரி இருக்கும். நான் உக்காந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சு மேய்ஞ்சுருவேன்.

சாக்கெட்னா பிராசசர் உக்கார்ற இடம். அதுல ஊசி ஊசியா இருக்கிற பின்னோட எண்ணிக்கை மாறிப்போச்சுன்னா பழைய போர்டுல புது பிராசசர் உக்காராது. டி.டி.ஆர்னா மெமரி, அது எத்தனாவது தலைமுறைங்கிறது பின்னால வர்ற எண்ணு. டி.டி.பின்னா சூட்டுக் கணக்கு. எத்தனை வாட் சூட்டை வெளியேத்தணும்கிறது. ஐ.பி.சின்னா ஒரு துடிப்புக்கு எத்தனை வேலை பாக்கும்கிறது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. பிளஸ் டூவோட நின்னவன் நான்.

எங்க பிரஸ்ல கலர் ஒட்டாம வீணாப்போன பெரிய ஷீட்டு கிடக்கும். ஒரு பக்கம் முருகன் இருப்பாரு, பின்பக்கம் சுத்த வெள்ளை. அதுல ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு மூணு கட்டம் பிரிச்சேன். முதல் கட்டத்துல சுருக்கெழுத்து. ரெண்டாவதுல அதோட விரிவு, தமிழ்ல அர்த்தம். மூணாவதுல எப்போ வருது. அதை வீட்டு முன்னறையில ஆணியடிச்சு மாட்டி வச்சிருக்கேன். வர்றவங்க நின்னு படிச்சிட்டுத்தான் உள்ள வருவாங்க. என் வீட்டுக்காரிக்குத்தான் அது பிடிக்காது. "ஏங்க, சாமியைச் சுவத்தைப் பாக்கத் திருப்பி வச்சிருக்கீங்களே, இது நல்லதுக்கா"ன்னு திட்டிக்கிட்டே இருப்பா.

பொறுக்கத் தெரியணும் தம்பி. எங்க ஊர்க்காரனுக்கு அது ரத்தத்துல உண்டு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு நாங்க பூஜை போட்டு அடுத்த வருஷக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் வெளியிட்டுருவோம். ஆவணி வந்தா அடுத்த தை மாசத்து நல்ல நேரம், ராகு காலமெல்லாம் மிஷின்ல ஓடிக்கிட்டு இருக்கும். உங்களுக்கெல்லாம் இந்த வருஷம் இப்போதான் நடக்குது. எங்களுக்கு இது எப்பவோ அச்சடிச்சு பண்டல் கட்டி அனுப்புன வருஷம். இருக்கிறதைப் பாத்து நாங்க மயங்க மாட்டோம்.

இத்தனை பேருக்கு வழி சொன்னவனைப் பாத்து, என் சொந்த மகள் ஒரு வெளியாள்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? "எங்க வீட்ல கம்ப்யூட்டர் இல்ல சார்." இப்படித்தான் சொன்னா. என் காதுல விழுந்துச்சு. கம்ப்யூட்டர் இன்சார்ஜ் தனுஷ்கோடி வீட்ல கம்ப்யூட்டர் இல்லையாம்.  

இருங்க, கள்ளிக்குடிதானே இது? இன்னும் நேரம் இருக்கு. சொல்றேன் கேளுங்க, யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

ஒரே மகள். ஜெயதாரணி. தாரணின்னு கூப்பிடுவோம். மதுரையில காலேஜ் படிச்சா. அங்க இந்த திரீ டி அனிமேஷன்ல போய் விழுந்துட்டா. கம்ப்யூட்டருக்குள்ளயே ஆளைச் செஞ்சு, வீட்டைச் செஞ்சு, வெளிச்சம் போட்டு நடக்க விடுறது. நல்ல கை அவளுக்கு. சின்ன வயசுல பிரஸ்ஸுக்கு வந்தா எங்க ஆர்ட்டிஸ்ட் மேஜைய விட்டு நகர மாட்டா. எல்லாம் சரிதான். அந்த வேலைக்கு மிஷின் வேணும். எங்க வீட்ல இருந்தது பிரஸ்ல கழிச்சுக் கட்டின பழைய சிஸ்டம், பதினொரு வருஷத்துச் சாமான்.

படிச்சு முடிச்ச கையோட கேட்டா. "அப்பா, எனக்கு ஒரு நல்ல சிஸ்டம் வாங்கணும்." நான் மாட்டேன்னு சொல்லவே இல்ல. மாட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல, அதைக் குறிச்சுக்கோங்க. அப்போ மெமரி மாறிக்கிட்டு இருந்த நேரம். டி.டி.ஆர் நாலு போய் அஞ்சு வருது. போற நேரத்துல நாலை வாங்குனா ஊர்ல எவன் மதிப்பான்? "பொறு தாயி, அஞ்சு வரட்டும்"னேன். அஞ்சு வந்துச்சு. வந்த புதுசுல எதையும் தொடக்கூடாது, ஆயிரம் கோளாறு இருக்கும். அது அடங்குறதுக்குள்ள சாக்கெட் மாறப்போகுதுன்னு அட்டவணை கசிஞ்சிருச்சு. இப்போ வாங்குற போர்டு அதோட செத்துப்போச்சுன்னு அர்த்தம். போர்டு, சாக்கெட், மெமரி மூணும் சேந்ததுதான் பிளாட்பார்ம்; இனிமே அதுக்குப் புது பிராசசர் வராதுன்னா செத்த பிளாட்பார்ம்னு சொல்லுவோம். தெரிஞ்சே பெத்த மகளுக்குச் செத்த பிளாட்பார்ம் வாங்கிக் குடுக்க முடியுமா? புது சாக்கெட்டுக்கு நாலு மாசம்னான், எட்டு மாசம் ஆச்சு. அது வர்ற நேரத்துல என்.பி.யு வந்து நின்னுச்சு.

என்.பி.யுன்னா மூளை மாதிரி வேலை செய்யறதுக்குன்னே தனியா ஒரு பகுதி. அதை டாப்ஸ் கணக்குல அளப்பாங்க. நாப்பது டாப்ஸ்னா ஒரு நொடிக்கு நாப்பது லட்சம் கோடி வேலை. லட்சம் இல்ல, கோடி இல்ல, லட்சம் கோடி. இதைக் கணக்குப் போட்டுப் பாத்த அன்னைக்கு எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துச்சு. தாரணியைக் கூப்பிட்டு அட்டவணையில காட்டுனேன்.  "நாப்பது லட்சம் கோடி வேலையெல்லாம் வேண்டாம்ப்பா. எனக்கு ஒரே ஒரு வேலை பாத்துக் குடுத்தாப் போதும்"னா. குசும்பு. அப்போல்லாம் இப்படிப் பேசுவா. அப்புறம் சொன்னா, "நான் விசாரிச்சுட்டேன், என் சாப்ட்வேருக்கு அந்த என்.பி.யு உதவாதாம்." நான் சொன்னேன், "இப்போ உதவாது. உதவுற காலம் வரும். அன்னைக்கு உன்கிட்ட அது இல்லாமப் போனா?" 

இப்படியே ரெண்டு வருஷம். அவ ஒரு போட்டோ ஸ்டுடியோவுல கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணப் போனா. வீட்டுக்கு வந்து அந்தப் பழைய மிஷின்ல உக்காந்து எதையாவது செஞ்சு, எங்கெங்கயோ அனுப்புவா.

போன வருஷம் ஆனி கடைசியில சென்னையில இருந்து போன் வந்துச்சு. பெரிய அனிமேஷன் ஸ்டுடியோ, பேரு வேண்டாம். அங்க ஒரு சார், அவ அனுப்புன ஏதோ ஒரு படத்தைப் பாத்திருக்காரு. "உங்க கை நல்லா இருக்கும்மா, ஒரு டெஸ்ட் வைக்கிறோம். முப்பது செகண்ட், ஒரே ஒரு காட்சி. உங்க கற்பனை. இருபது நாள்ல செஞ்சு அனுப்புங்க. பிடிச்சா அடுத்த மாசமே வேலையில சேரலாம்"னு சொல்லிட்டாரு. அன்னைக்கு வீட்ல கேசரி கிண்டுனா அவங்க அம்மா. எனக்கும் சந்தோஷம்தான் தம்பி. ஏன் இருக்காது? பிரஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்.

ஒன்பது நாள் லீவு போட்டு உக்காந்தா. சோறு தண்ணி சரியா இல்ல. காட்சியெல்லாம் செஞ்சு முடிச்சிட்டா. இனிமே கம்ப்யூட்டர் அதை ஒவ்வொரு படமா வரைஞ்சு தள்ளணும். ரெண்டரிங்னு சொல்லுவாங்க. முப்பது செகண்டுக்கு எழுநூத்தி இருபது ஃபிரேம். அந்தப் பழைய மிஷின்ல ஒரு ஃபிரேமுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம். ஒரு தாள்ல எழுதிக் கணக்குப் போட்டுக்கிட்டு என்கிட்ட வந்தா. நிக்காம ஓடினாலே நானூத்தி இருபது மணி நேரம். பதினேழரை நாள். கையில இருக்கிறது பதினோரு நாள். எங்க ஊர்ல கரண்ட் எப்போ போகும்னு சொல்ல முடியாது. கணக்கு சரியா இருந்துச்சு, நான் ரெண்டு தடவை சரிபாத்தேன்.

"இப்போ கடையில இருக்கிற ஏதாவது ஒண்ணு போதும்ப்பா, ஃபிரேமுக்கு மூணு நிமிஷம்தான் ஆகும். ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்"னா.

நான் என்ன செய்ய? ஐப்பசியில புது பிளாட்பார்ம் வருது. சாக்கெட் புதுசு, மெமரி வேகம் புதுசு, என்.பி.யு மூணு மடங்கு. இன்னும் மூணே மாசம். ரெண்டு வருஷம் பொறுத்தவளுக்கு மூணு மாசம் பொறுக்க முடியாதா? அவளை உக்கார வச்சு அட்டவணையை முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் விளக்குனேன். ஒரு மணி நேரம்.  கடைசியில எழுந்து, "டெஸ்ட் ஐப்பசியில இல்லப்பா, ஆடியில"ன்னா. அவ்வளவுதான்.

மறுநாள் பிரஸ்ஸுக்கே வந்துட்டா. "ஞாயித்துக்கிழமை பிரஸ் லீவுதானே. பதினேழு சிஸ்டத்துலயும் பிரிச்சுப் போட்டா ஒரே நாள்ல பாதி முடிஞ்சிரும். மீதிக்கு ஆடிப் பதினெட்டு அன்னைக்கு. அன்னைக்கும் பூஜை போட்டுட்டு மத்தியானமே அடைச்சிருவீங்கள்ல." அவ சொல்றதுல தப்பில்ல. ஆனா வெளி சாப்ட்வேர் எதையும் பிரஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தான். மொதலாளி அண்ணாச்சி சரின்னுதான் சொல்லியிருப்பாரு. கேட்டாச் சொல்லியிருப்பாரு, எனக்குத் தெரியும். நான் கேக்கல. ஊருக்கு ஒரு சட்டம், மகளுக்கு ஒரு சட்டமா? நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? என் நேர்மைக்கு அவ பெருமைதான் படணும்.

அதுக்கு அடுத்து செஞ்சாளே, அதுதான் எனக்குத் தாங்கல.

யார்கிட்டயும் சொல்லாம, அவ சேத்து வச்சிருந்த சம்பளத்தை எடுத்துக்கிட்டு, இதே மாதிரி ஒரு பஸ்ல ஏறி மதுரைக்குப் போயிட்டா. தனியா. கடையில நின்னு போர்டு, பிராசசர், மெமரி எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கா. கடைக்காரன் அட்ரஸ் கேட்டிருக்கான். சிவகாசின்னதும், "சிவகாசியா? தனுஷ்கோடி அண்ணனைக் கேட்டுட்டீங்களா"ன்னு கேட்டிருக்கான்.  இன்னார் மகள்னு எப்படியோ தெரிஞ்சுபோய் எனக்குப் போன் அடிச்சுட்டான். மரியாதை தெரிஞ்ச பையன். "அண்ணே, பாப்பா வந்திருக்கு, இன்ன போர்டு கேக்குது, பில் போட்டுரட்டுமா?"

அது என்ன போர்டு தெரியுமா? மூணு மாசத்துல சாகப்போற போர்டு. என் மகள். என் அட்டவணையைத் தினமும் பாத்து வளந்தவ. நான் சொன்னேன், "போடாதே தம்பி. பாப்பாவை வீட்டுக்கு வரச் சொல்லு. நான் பாத்துக்கிறேன்." அவன் எடுத்து வச்சதையெல்லாம் திரும்ப அலமாரியில அடுக்கிட்டான்.

அவன் மேல தப்பு சொல்ல முடியாது. நான் சொன்னாக் கேக்குறவன்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெறுங்கையோட வந்தா. முகம் கழுவல. செருப்புக் காலோட வாசப்படியில உக்காந்து போனை எடுத்தா. அந்தச் சென்னை சாருக்குத்தான். நான் அந்த நேரம் அட்டவணையில ஒரு தேதி மாறிப்போச்சுன்னு அழிச்சு எழுதிக்கிட்டு இருந்தேன். அப்போதான் சொன்னா, "சார், நான் டெஸ்ட் அனுப்ப முடியாது சார். எங்க வீட்ல கம்ப்யூட்டர் இல்ல."

அந்த மனுஷன் நல்லவரு போல. ஏதோ கேட்டாரு. இன்னும் ஒரு வாரம் தர்றேன்னு சொல்லியிருப்பாரு போல. "வேண்டாம் சார். ஒரு வாரத்துலயும் வராது"ன்னு சொல்லி வச்சுட்டா. அழல. சத்தம் போடல. உள்ள போய்ப் படுத்துட்டா.

நான்தான் அன்னைக்கு சத்தம் போட்டேன். "யாரைப் பாத்து கம்ப்யூட்டர் இல்லைங்கிற? என் மானம் என்ன ஆகும்? பழைய மிஷின் இருக்கு, கம்ப்யூட்டர் மெதுவா இருக்குன்னு சொல்லு, இல்லைன்னு எப்படிச் சொல்லுவ?" கத்திக்கிட்டே இருந்தேன். அவங்க அம்மா வந்து என் கையில இருந்த பேனாவைப் பிடுங்கி வெளிய எறிஞ்சா. கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்துல அவ அப்படிச் செஞ்சதில்ல.

தண்ணி இருக்கா தம்பி? கொஞ்சம் குடுங்க.

அப்புறம் என்ன. ஆடி போச்சு. ஐப்பசியில வரவேண்டியது மார்கழிக்குத் தள்ளிப்போச்சு. அது ஒண்ணும் என் தப்பில்ல, உலகம் பூரா தள்ளிப்போச்சு. தாரணி ஸ்டுடியோ வேலையையும் விட்டுட்டா. வீட்ல சும்மா இருக்கக்கூடாதுன்னு நான்தான் அண்ணாச்சிகிட்ட பேசி எங்க பிரஸ்லயே சேத்துவிட்டேன். தினசரி காலண்டர் தாளுக்கு டைப் அடிக்கிற வேலை. தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம். முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் அடிச்சு, புரூஃப் பாத்துத் தரணும். ஒரு எழுத்துப் பிழை இருக்காது. அண்ணாச்சிக்கு அவளை ரொம்பப் பிடிச்சிருச்சு. எனக்கும் நிம்மதி, கண்ணு முன்னால இருக்கா பாருங்க.

பிரஸ்ல எல்லார் முன்னாலயும் என்னை சார்னுதான் கூப்பிடுவா. அது முறைதான், நான்தான் சொல்லிக் குடுத்தேன். "சார், எட்டாம் நம்பர் சிஸ்டம் நிக்குது." நான் போய்ப் பாத்துக் குடுப்பேன். போன வாரம் வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். "சார், ரசம் ஊத்தவா?"ன்னா. வாய் தவறிருச்சு போல. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல, தப்பாச் சொல்லிட்டோம்னு திருத்தவும் இல்ல. ரசத்தை ஊத்திட்டுப் போயிட்டா.

இப்போ அவ சண்டை போடுறதில்ல தம்பி. அதுதான் எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. முன்னால எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவா. இப்போ எது சொன்னாலும் "சரி"தான். அவங்க அம்மா மாப்பிள்ளை பாக்கலாமான்னு கேட்டா, "சரி." அந்தப் பழைய மிஷினை எடைக்குப் போட்டுரலாமான்னு நான் கேட்டேன், "சரி." உள்ள அவ செஞ்சதெல்லாம் இருந்திருக்கும்ல. எடுத்து வச்சுக்கிட்டியான்னு கேட்டேன். "வேண்டாம்"னுட்டா. எடைக்காரன் வந்து தூக்கிட்டுப் போயிட்டான். இந்த வயசுல ஒரு பிள்ளை எல்லாத்துக்கும் சரின்னு சொன்னா அது நல்லதா கெட்டதா, உங்களுக்குத் தெரியுமா? என் வீட்டுக்காரிகிட்ட கேட்டா அவ என்னோட பேசறதே இல்ல.

சரி, இன்னைக்கு நான் எதுக்கு மதுரைக்கு வந்தேன்னு கேளுங்க. வாங்கத்தான் வந்தேன். சத்தியமா வாங்கத்தான். அந்தப் புது பிளாட்பார்ம் வந்து, கோளாறெல்லாம் சரியாகி, விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கு. தாரணிக்குத் தெரியாம வாங்கி, நானே மாட்டி, அவ மேஜை மேல வச்சு அசத்திரலாம்னு காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன். கடையில போர்டைக் கையில வாங்கிப் பாத்தேன். நீங்க வச்சிருக்கீங்களே, அதே போர்டு. அருமையான சாமான். கடைப் பையனும் பில் புத்தகத்தை எடுத்துட்டான்.

அப்போ அவனே சொன்னான், "அண்ணே, உங்களுக்குத் தெரியாததா. அடுத்த வருஷம் இந்த சாக்கெட்டும் மாறுதாம்."

போர்டைக் கீழ வச்சுட்டேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க? இத்தனை வருஷம் பொறுத்துட்டு, கடைசியில போய் ஒரு வருஷத்துல சாகுறதை வாங்கவா? வாங்கியிருக்கலாம்தான். கடையை விட்டு வெளிய வந்து ரோட்டுல கொஞ்ச நேரம் நின்னேன். திரும்பி உள்ள போலாமான்னு பாத்தேன். கால் வரல தம்பி. எனக்கு வாங்கவே தெரியாதோன்னு ஒரு நிமிஷம் பயமாப் போச்சு. அப்புறம் பஸ் ஏறிட்டேன்.

விருதுநகர் தாண்டிட்டோம். இன்னும் அரை மணி நேரம்தான்.

நீங்க யாருக்கு வாங்கிட்டுப் போறீங்க? அக்காவுக்கா? என்ன படிக்கிறாங்க... திங்கக்கிழமைக்குள்ள புராஜெக்ட் குடுக்கணுமா. சரி. அப்போ வாங்கினது சரிதான். எட்டு மாசம் பொறுத்திருக்கலாம்னு நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. போனதும் மாட்டிக் குடுத்துருங்க.

என்னது? படமா? எந்தப் படம்?

தாரணி செஞ்சதா. அந்த முப்பது செகண்ட். அதுல என்ன இருந்துச்சுன்னா கேக்குறீங்க?

அது... ஒரே காட்சிதான். அவ கற்பனைதான். ஃபைல் சைஸ் மட்டும் பதினாலு ஜி.பி வந்துச்சு. இல்ல, நீங்க அதைக் கேக்கல. ஆள் இருந்துச்சா, வீடு இருந்துச்சான்னு கேக்குறீங்க.

தெரியல தம்பி.

பக்கத்துல நாற்காலி போட்டு ஒன்பது நாளும் உக்காந்திருந்தேன். பிரஸ்ல இருந்து வந்ததும் அங்கதான் உக்காருவேன். மிஷின் பழசு, நடுவுல நின்னுரக்கூடாதுன்னு. திரையில ஓரத்துல பிராசசர் சூடு காட்டும், நான் அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். நடுவுல என்னமோ ஓடுச்சு. மஞ்சளா ஒரு வெளிச்சம் வந்த மாதிரி ஞாபகம். இல்லைன்னா அது ஜன்னல் வெளிச்சமாக்கூட இருக்கும்.

அவளாவது சொல்லியிருக்கலாம்ல? சொல்லலையே. இல்ல, இருங்க, பொய் சொல்லக்கூடாது. ஒன்பதாம் நாள் சாயங்காலம், எல்லாம் முடிச்சுட்டு என் தோள்ல தட்டுனா. "அப்பா, ஒரு நிமிஷம் இங்க பாருங்களேன்"னா. முகமெல்லாம் அப்படி ஒரு சிரிப்பு. நான், "இரு தாயி, தொண்ணூத்தி ரெண்டு டிகிரி போயிருச்சு, அதை முதல்ல பாப்போம்"னேன். சூடு இறங்க இருபது நிமிஷம் ஆச்சு. நான் திரும்பிப் பாத்தப்போ அவ திரையை அணைச்சிட்டு எந்திரிச்சுப் போயிருந்தா.